குமரி மாவட்டத்தில் இருந்து உளவியல் பட்டப்படிப்பு சேர: அலைந்து முடித்தவனின் வழிகாட்டி

என் அக்கா மகள் 2025-இல் பிளஸ் டூ முடித்தாள். ஊர் குலசேகரம் பக்கம். அவள் அப்பா வளைகுடாவில் இருக்கிறார், அதனால் கல்லூரி சேர்க்கும் வேலை முழுக்கத் தாய்மாமன் என் தலையில் விழுந்தது. உளவியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். "அது வட்டுப் பிடிச்சவங்கள பாக்குற படிப்பா மக்களே?" (வட்டு என்றால் எங்கள் பக்கம் பைத்தியம்) என்று அவள் பாட்டி கேட்டதற்கு, அவள் அரைமணி நேரம் விளக்கம் சொன்னாள். பாட்டிக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரியாதது எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பதுதான்.

அந்த மே மாதத்தில் ஒரு படிப்பு மையத்தில் 5,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் போட்டிருந்தார்கள். "ரெகுலர் மாதிரிதான் சார், சனி ஞாயிறு வந்தா போதும்" என்றார்கள். அந்த 'மாதிரி' என்ற சொல்லிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். அது தொலைதூரப் படிப்பு. ரசீதின் கீழே பொடி எழுத்தில் 'திருப்பித் தரப்படாது' என்று இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பணம் போனது போனதுதான். அதே ஆகஸ்டில் வந்த ஒரு அறிவிப்பைப் படித்தபோது, 5,000 ரூபாயோடு தப்பித்தோம் என்று தோன்றியது. அதை நாலாவது படியில் சொல்கிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. மூன்று மாதம் அலைந்தவன், அவ்வளவுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

1. முடித்த பிறகு என்ன ஆகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் கல்லூரி தேடக் கிளம்பினால் எல்லாக் கல்லூரியும் நல்ல கல்லூரியாகத்தான் தெரியும்.

மனநல மருத்துவர் ஆக வேண்டும் என்றால் இந்தப் படிப்பு அதற்கு வழியே இல்லை. அவர்கள் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி. படித்தவர்கள். மாத்திரை எழுதும் உரிமை அவர்களுக்குத்தான். உளவியல் படித்தவர் எத்தனை பட்டம் வாங்கினாலும் மருந்து எழுத முடியாது. கவுன்சலிங் கொடுப்பது, சோதனைகள் நடத்துவது, பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பது ஆகியவைதான் உளவியலாளரின் வேலை.

'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பெயர்ப்பலகை வைக்க இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில், பதிவு இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு வருடம், அதன் மேல் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்ற இடத்தில் இரண்டு வருட எம்.ஃபில். என்பதுதான் இவ்வளவு காலமும் இருந்த பாதை. எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்ட பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., இந்தத் துறைக்கு மட்டும் 2025-26 வரை அவகாசம் கொடுத்தது. ஆக, இப்போது பிளஸ் டூ முடிப்பவர் முதுகலை தாண்டும்போது பழைய பாதை அப்படியே இருக்காது. பத்து வருடத்துக்கு முன்னால் படித்த பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் வழியை அப்படியே நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, விதிதான் மாறிவிட்டது.

இன்னொரு பக்கம் 2021-இல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் இருக்கிறது. உளவியலாளர்களையும் அதன் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சட்டப்படி சுகாதாரப் பணியாளராகப் பதிவு பெறத் தேவையான பட்டத்துக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். நீங்கள் சேரப்போகும் படிப்பு அந்தக் கணக்குக்குள் வருமா என்று கல்லூரியில் நேராகவே கேளுங்கள். நான் கேட்ட மூன்று இடங்களில் இரண்டு இடத்தில் அந்தச் சட்டத்தின் பெயரையே என்னிடமிருந்துதான் முதலில் கேள்விப்பட்டார்கள். அதுவும் ஒரு தகவல்தானே.

வெறும் பி.எஸ்சி.-யோடு நிறுத்தினால் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள், மறுவாழ்வு இல்லங்கள் எடுக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகர் பணிக்கு உளவியல் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தனியாக ஒரு அறை எடுத்து ஆட்களைப் பார்ப்பதற்கு இந்த மூன்று வருடம் போதாது. போதும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

2. பட்டத்தின் முழுப் பெயரைப் படியுங்கள்

'உளவியல்' என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் நோட்டீஸில் நாலைந்து பெயர் வரும்.

பி.எஸ்சி. உளவியல், பி.ஏ. உளவியல்: இரண்டுக்கும் பாடத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பி.எஸ்சி.-யில் செய்முறையும் புள்ளியியலும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பி.ஏ. என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை உளவியல் பி.ஏ. ஆனர்ஸ்தான்.

அப்ளைடு சைக்காலஜி, கவுன்சலிங் சைக்காலஜி: சேரலாம். ஆனால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பொது உளவியல், ஆய்வு முறை, புள்ளியியல், உளவியல் அளவீடு ஆகிய நாலும் இருக்க வேண்டும். முதுகலைக்குப் போகும்போது கேட்பது இவற்றைத்தான்.

மும்முனைப் பாடம்: கர்நாடகம் பக்கம் அதிகம். உளவியல், ஆங்கிலம், இதழியல் என்று மூன்றும் சம பங்கு. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் எம்.எஸ்சி. உளவியலுக்கு 'உளவியலை முதன்மைப் பாடமாகப் படித்தவர்' என்று கேட்கும் இடங்களில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஆனர்ஸ்: ஆர்.சி.ஐ. கொண்டுவந்த நான்கு வருடப் படிப்பு. இதே பெயரில் அங்கீகாரம் இல்லாமலும் நடத்தலாம் என்பதுதான் ஆபத்து. ஆர்.சி.ஐ. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக அங்கீகாரம் கொடுக்கிறது, அதற்குக் காலவரையும் உண்டு. அவர்கள் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. கல்லூரிச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், அது வேறு படிப்புக்கு வாங்கியதாக இருக்கலாம்.

3. தகுதி

இதில் சிக்கல் குறைவு. பெரும்பாலான இடங்களில் பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்துத் தேறியிருந்தாலும் போதும். நீட் வேண்டாம். காமர்ஸ், கலைப் பிரிவு, தொழிற்பிரிவு எல்லாரும் விண்ணப்பிக்கலாம்.

மூன்று இடத்தில் மட்டும் தடுமாறுவார்கள். உயிரியல் படிக்காதவர்களுக்கு மூளை, நரம்பு மண்டலம் பற்றிய பாடம் கடினம். கணக்கு விட்டவர்களுக்குப் புள்ளியியல் கடினம். 'கணக்கே வேண்டாம் என்றுதான் இங்கே வந்தேன்' என்று வருபவர்களைத் திட்டவிலக்கமும் ஒட்டுறவுக் கெழுவும் வந்து பிடித்துக்கொள்ளும். பயப்படும் அளவுக்கு இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் சமாளிக்கலாம்.

மூன்றாவதாக மொழி. எங்கள் வீட்டுப் பெண் தமிழ்வழியில் படித்தவள். முதல் மாதம் 'கண்டிஷனிங்' என்று வகுப்பில் கேட்டபோது ஏ.சி. போடுவதைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்தாளாம். தமிழில் 'ஆக்கநிலையுறுத்தல்' என்று இருக்கிறது, அதைச் சொன்னாலும் விளங்காது என்பது வேறு விஷயம். அவள் ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போட்டாள். இடது பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் தமிழ்ச் சொல், வலது பக்கம் வீட்டில் நடந்த ஓர் உதாரணம். கண்டிஷனிங்குக்கு நேராக 'மீன்காரர் ஹாரன் அடித்ததும் பூனை வாசலுக்குப் போவது' என்று இருக்கிறது. டிசம்பருக்குள் நோட்டில் பாதி நிறைந்துவிட்டது. தமிழ்வழி மாணவர்கள் முதல் வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

4. எங்கே விண்ணப்பிப்பது

நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யூர் என்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை, ஆனால் உளவியல் துறை வைத்திருப்பவை கொஞ்சம்தான். இருக்கும் இடத்திலும் சுயநிதிப் பிரிவாக இருக்கலாம். அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால் எல்லாப் பாடத்துக்கும் குறைந்த கட்டணம் என்று நினைத்துப் போய் நான் ஏமாந்தேன். ஒரே வளாகத்தில் இயற்பியலுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பாடத்துக்கு இன்னொரு கட்டணம். புதிதாகத் தொடங்கிய படிப்பு என்றால் அந்த ஆண்டுக்கான பல்கலைக்கழக இணைவு ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். 'வந்துவிடும்' என்ற பதில் போதாது.

அரசுக் கல்லூரி வேண்டும் என்றால் வெளியூர் போகத் தயாராக இருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசு கலைக் கல்லூரியிலும் உளவியல் உண்டு. நாகர்கோவிலில் இரவு ரயில் ஏறினால் காலையில் கோவையில் இறங்கலாம். விண்ணப்பம் எல்லாம் டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற ஒரே இணையதளத்தில்தான். தமிழ், ஆங்கிலம் தவிர்த்த நாலு பாட மதிப்பெண், அதாவது 400-க்கு எவ்வளவு என்பதை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். மொழிப்பாடத்தில் 98 வாங்கியதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், இந்தப் பட்டியலுக்கு உதவாது.

திருவனந்தபுரத்தை மறந்துவிடாதீர்கள். விளவங்கோடு, கிள்ளியூர்க்காரர்களுக்குத் திருநெல்வேலியை விட அதுதான் பக்கம். களியக்காவிளை தாண்டினால் முப்பது சொச்சம் கிலோமீட்டர். வழுதக்காட்டில் உள்ள அரசு மகளிர் கல்லூரியில் உளவியல் துறை இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகச் சேர்க்கையும் ஒற்றைச் சாளர முறையில்தான். அங்கே 2024 முதல் நான்கு வருடப் பட்டமுறை வந்துவிட்டது. மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரலாம், நாலாவது வருடம் இருந்தால் ஆனர்ஸ். ஆனால் நம் சாதிச் சான்றிதழ் அங்கே இட ஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டும். அதனால் மதிப்பெண் நன்றாக இருந்தால் மட்டும் அதை முதல் தேர்வாக வையுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. தேர்வு எழுத வேண்டும். அதன் விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்னாலேயோ அதே சமயத்திலேயோ வந்து போய்விடும். ரிசல்ட் வந்த பிறகு யோசிப்பவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. எங்களுக்கும் இல்லாமல் போனது.

இனி தொலைதூரக் கல்வி. துணைநிலைச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்தில் இருந்து புதுச் சேர்க்கை கிடையாது. உளவியல் பெயரோடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. பி.ஏ.-வில் பல பாடங்களில் ஒன்றாக உளவியலை எடுப்பதும் அடக்கம். முன்பே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம், புதிதாகச் சேர முடியாது. நான் 5,000 கட்டிய மையம் சொன்னது இந்த வகைதான். இன்னும் எங்காவது 'வீட்டில் இருந்தே சைக்காலஜி டிகிரி' என்று விளம்பரம் கண்டால், அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

5. சான்றிதழ்கள்

நான் அதிகம் அலைந்தது இதற்காகத்தான். தேவைப்பட்டவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு, பள்ளியில் மாணவருக்குக் கொடுத்திருக்கும் எமிஸ் அடையாள எண், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒரு டஜன். புகைப்படம் ஒரு டஜனா என்று சிரிக்காதீர்கள். பத்து போய்விட்டது.

பெயர் எழுத்துப் பிழைதான் முதல் பொறி. நம் ஊரில் பாதிப் பெயர் 'தாஸ்' என்று முடியும். ஆதாரில் அது டி-ஏ-எஸ், மதிப்பெண் பட்டியலில் டி-ஓ-எஸ்-எஸ், அப்பாவின் பாஸ்போர்ட்டில் டி-ஏ-எஸ்-எஸ். எங்கள் வீட்டில் மூன்றும் இருந்தது. மதிப்பெண் சான்றிதழில் உள்ளதை மூலமாக வைத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். இன்ஷியலை முன்னால் போட்டதா, பின்னால் போட்டதா, விரித்து எழுதியதா என்பதையும் பாருங்கள். இதைப் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு, நடக்கும். அந்தச் சமயத்தில் வி.ஏ.ஓ. தன் அலுவலகத்தில் இருக்கவே மாட்டார், தாலுகா ஆபீஸில் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பார். அதே வாரங்களில்தான் மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். நாங்கள் மே கடைசியில் போட்டோம். வருமானச் சான்றிதழ் கைக்கு வர 19 நாள் ஆனது.

அதில் ஒரு வாரம் போனதற்குக் காரணம், அப்பா வெளிநாட்டில் இருப்பது. 'ஆள் எங்கே, வருமானம் எவ்வளவு' என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். குடும்பத் தலைவர் வெளிநாட்டில் இருந்தால் சம்பளச் சான்று, பாஸ்போர்ட், விசா பக்கம் ஆகியவற்றை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வாங்கி அச்செடுத்து வைத்திருங்கள். தாலுகா எது என்பதையும் சரிபாருங்கள். கிள்ளியூரும் திருவட்டாரும் பிற்பாடு பிரிந்தவை. பழைய ரேஷன் கார்டு விளவங்கோடு என்றோ கல்குளம் என்றோ சொல்லலாம். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், பழையதைக் கொண்டு போகாதீர்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் எடுத்தால் கட்டணம் குறையும் என்று இ-சேவை மைய வாசலில் எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சலுகை பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு மூலம் சேருபவர்களுக்கு. பி.எஸ்சி. உளவியலுக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கேரளத்துக்குப் போவதாக இருந்தால் தேர்வுத்துறையின் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். பள்ளியில் கேட்டால் விண்ணப்பிக்கும் வழி சொல்வார்கள்.

எல்லாச் சான்றிதழையும் செல்போன் வெளிச்சத்தில் படம் எடுக்காமல் கடையில் ஸ்கேன் செய்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் கொடுக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல். கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதே யு.ஜி.சி. சொல்வது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் அவர்களிடம் போய்விடும். அதனால்தான் ஒரு கல்லூரியில் சேருவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

6. எப்போது என்ன செய்வது

ஜனவரி, பிப்ரவரி: பெயர்ப் பிழை திருத்தம், வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு. சி.யு.இ.டி. எழுதுவதாக இருந்தால் அறிவிப்பைப் பார்ப்பது.

ஏப்ரல்: வருமானம், சாதிச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம். கல்லூரிகளுக்கு நேரில் ஒரு சுற்று. துறைத் தலைவரைப் பார்த்துப் பேச முடிந்தால் பேசுங்கள். அலுவலக ஜன்னலில் கிடைக்கும் பதிலும் துறையில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை.

மே: ரிசல்ட். 2025-இல் மே 8 அன்று வந்தது. அதையொட்டி அரசுக் கல்லூரி இணையதளம் திறக்கும். தனியார் கல்லூரிகள் அதற்கு முன்பே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். உளவியலுக்கு இருக்கும் இடமோ குறைவு, எனவே ரிசல்ட் வந்த அன்றே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

ஜூன்: தரவரிசை, கலந்தாய்வு, வகுப்பு தொடக்கம். கேரளப் பட்டியல் கொஞ்சம் தாமதமாக வரும். இங்கே ஒரு இடத்தைப் பிடித்துவிட்டு அதற்காகக் காத்திருப்பவர்கள் அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

7. பணம்

அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 2025-இல் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சின்னச் சின்னக் கட்டணங்கள்தான்.

நாங்கள் கடைசியில் சேர்ந்தது மாவட்டத்துக்குள் ஒரு சுயநிதிப் பிரிவில். செமஸ்டருக்கு 17,500. சேரும்போது 'மற்றவை' என்று 4,000. தேர்வுக் கட்டணம் தனி. ஆய்வகக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, சீருடை, அடையாள அட்டை எல்லாம் சேர்த்து முதல் வருடம் ஐம்பதாயிரத்தை நெருங்கியது. நோட்டீஸில் இருந்த தொகையோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கணக்கு. மொத்த மூன்று வருடக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதற்கும் எழுதித் தருவதற்கும் உள்ள வித்தியாசம் எழுதச் சொல்லும்போதுதான் தெரியும்.

வரவுப் பக்கமும் உண்டு. ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள்தான் தெருவுக்கு ஒன்று என்பதால் இது பெரிய விஷயம். அதே பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் படித்திருந்தால் கிடைக்காது. பதிவு கல்லூரி மூலமாக நடக்கும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் எமிஸ் எண்ணும் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் பேருந்துச் செலவு எங்களுக்குப் பூஜ்யம். ஆனால் அந்தப் பஸ் வரும் நேரத்தைப் பொறுத்துத்தான் கல்லூரிக்குப் போய்ச் சேரும் நேரமும்.

ஒரு கல்லூரியில் கட்டிவிட்டு வேறு இடம் கிடைத்தால் யு.ஜி.சி. 2018-இல் வகுத்த கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகை, செயலாக்கக் கட்டணமாகக் கொஞ்சம் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. முப்பது நாள் கடந்தால் ஒன்றும் கிடையாது. விலகல் கடிதத்தைக் கையில் கொடுப்பதோடு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதில்தான் சண்டையே வரும்.

8. மூன்று வருடம் என்ன படிப்பார்கள்

நம் பல்கலைக்கழகங்களில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம், அதன் பின்னால் திறன் பாடம், சுற்றுச்சூழல், நாட்டு நலப்பணி என்று போகும். உளவியல் படிக்க வந்தவர்களுக்கு முதல் வருடம் உளவியலை விட மற்றவையே அதிகம் என்று தோன்றும். இது எல்லாப் பாடத்துக்கும் பொது, ஏமாற்றம் வேண்டாம்.

முதன்மைப் பாடத்தில் பொது உளவியல், வளர்ச்சி உளவியல், உடலியல் உளவியல், சமூக உளவியல், ஆளுமை, பிறழ்நிலை உளவியல், ஆலோசனை உளவியல், ஆய்வு முறை, புள்ளியியல், அளவீடு ஆகியவை வரும். விருப்பப் பாடமாக நிறுவன உளவியல், குற்றவியல் உளவியல், விளையாட்டு உளவியல், சுகாதார உளவியல் என்று கல்லூரிக்குத் தகுந்தாற்போல் கொடுப்பார்கள். பாடத்திட்டத்தில் எட்டு விருப்பப் பாடம் அச்சிட்டிருப்பார்கள், நடத்துவது எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அவர் பாடத்தை. ஆகவே 'எது இருக்கிறது' என்று கேட்காமல் 'போன வருடம் எதை நடத்தினீர்கள்' என்று கேளுங்கள். மனிதவளப் பிரிவுக்குப் போக நினைப்பவர்களுக்கு நிறுவன உளவியல், முதுகலைக்குப் போகிறவர்களுக்குச் சுகாதார உளவியல் என்பது எங்கள் வீட்டில் எடுத்த முடிவு.

செய்முறையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆய்வகத்தில் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பலகை, நினைவாற்றல் சோதனை, கவன வீச்சுச் சோதனை எல்லாம் இருக்க வேண்டும். சேரும் முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓர் அலமாரியில் பூட்டி வைத்த பெட்டிகள் மட்டும் தெரிந்தால், தூசியைப் பார்த்தே எத்தனை தடவை எடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் சாயங்காலம் இவள் ஓர் அட்டையில் கோடு வரைந்து கொண்டு வந்தாள். ஒரு கோட்டின் இரு முனையிலும் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருந்தது, இன்னொன்றில் வெளியே விரிந்திருந்தது. ஒன்றை இழுத்து நீட்டலாம். "ரெண்டும் சமம்னு தோணுற வரை இழுங்க மாமா" என்றாள். இழுத்தேன். ஸ்கேலை வைத்தாள். 14 மில்லிமீட்டர் தப்பு. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்றேன். "உங்க கண்ணு பிரச்சினை இல்ல மாமா, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். அதான் பரிசோதனையே" என்றாள். முல்லர்-லயர் தோற்றப்பிழை என்று பெயராம். அன்று ராத்திரி பாட்டி உட்பட ஆறு பேர் உட்கார்ந்து கோடு இழுத்தோம். ஒவ்வொருவருக்கும் பத்துத் தடவை, பிழையின் சராசரி, கையெழுத்து. இதை எல்லாம் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். வாரம் தவறாமல் கையெழுத்து வாங்காவிட்டால் செமஸ்டர் கடைசியில் இரண்டு ராத்திரி தூக்கம் போகும்.

ஒன்று மட்டும். புத்திக்கூர்மைச் சோதனை, ஆளுமை வினாத்தாள் போன்றவற்றை நகலெடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடத்தி 'உன் ஐ.க்யூ. இவ்வளவு' என்று சொல்லும் ஆசை முதல் வருடத்தில் எல்லாருக்கும் வரும். செய்ய விடாதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மா அதை நம்பிவிடுவார்.

9. இன்டர்ன்ஷிப்பும் அதற்கு அப்புறமும்

இரண்டாம் வருடக் கோடை விடுமுறையில் ஓர் இடத்தில் போய் இருப்பது நல்லது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டம், சிறப்புப் பள்ளிகள், மறுவாழ்வு இல்லங்கள் என்று நம் பக்கத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். துறைத் தலைவரின் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்லூரி முதல்வரின் (டீன்) அனுமதி வேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்பே எழுத வேண்டும். ஆன்லைனில் 999 ரூபாய்க்கு 'இன்டர்ன்ஷிப் சான்றிதழ்' விற்கிறார்கள். முதுகலை நேர்காணலில் 'அங்கே என்ன பார்த்தாய்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

முதுகலைக்கு வெளியே போக நினைத்தால் மூன்றாம் வருடம் டிசம்பர், ஜனவரி வாக்கில் சி.யு.இ.டி. முதுகலை அறிவிப்பு வரும். அப்போது ஐந்தாம் செமஸ்டர் முடிவுகூட வந்திருக்காது. 'இறுதியாண்டு படித்துக்கொண்டிருப்பவர்' என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். அரியர் இருந்தால் மட்டும் அதை ஐந்தாம் செமஸ்டரோடு சேர்த்து எழுதி முடித்துவிடுங்கள். ஆறாவதற்குத் தள்ளினால் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வரத் தாமதமாகி, கிடைத்த இடமும் கை நழுவும்.